பொன்னாடைக்குத் தட்டிய கை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, காந்தி ஜெயந்தி அன்று நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் தாங்காது. அன்றைக்குக் காலையில் நான் செஞ்சிக் கோட்டையில் இருந்தேன். மதியத்துக்குள் பக்கத்தில் ஒரு கிராமத்தில், சாமியானாப் பந்தலுக்குக் கீழே நின்று ஒரு அதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது செஞ்சியில்தான். தினமும் பஸ்ஸில் போய் வந்து புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தேன். "செஞ்சியில உக்காந்துகினு பிரெஞ்சு எதுக்கு, இட்லிக்குத் தொட்டுக்கவா?" என்று எங்கள் நைனா கேட்டார். இப்போது ஒரு பள்ளியில் அதையே சொல்லித்தந்து பிழைக்கிறேன். லீவு நாட்களில், கோட்டை பார்க்க வருகிற பிரெஞ்சு பேசும் பயணிகளுக்குத் துணையாகப் போவதும் உண்டு. பேச்சுத்துணை, மொழிபெயர்ப்பு, அவர்கள் கையிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் குரங்கு பிடுங்காமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் என் வேலைதான்.

அன்று வந்தவர் சுவிட்சர்லாந்திலிருந்து தனியாக வந்த ஒரு அம்மா. கைக்கடிகாரத்துக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோட்டையின் ராஜகிரி மலையில் பாதி ஏறியதும் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "எனக்கு எழுபது ஆகப்போகிறது, கொஞ்சம் பொறு" என்றார். எழுபதுக்கு அவர் சொன்ன வார்த்தை 'செப்தாந்த்'. நான் படித்த பிரெஞ்சில் எழுபது என்றால் 'சுவாசாந்த் தீஸ்', அதாவது அறுபதும் பத்தும். டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? அந்த ஊர்க்காரருக்கே அவருடைய மொழியைத் திருத்தினேன்.

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "அது பாரிஸ்காரர்களின் கணக்கு. எழுபதுக்கு எங்கள் பக்கம் ஒரே வார்த்தைதான். எங்கள் ஊரில் எப்படிப் பேசவேண்டும் என்று பாரிஸா சொல்லும்?" என்றார்.

பாரிஸிலிருந்து வருகிறவர்களிடம், இந்தக் கோட்டை ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் கையிலும் இருந்தது என்று சொன்னால் முகம் மலரும். அந்த இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இந்த அம்மாவிடமும் சொன்னேன். "அது அவர்களுடையது. நான் பிரெஞ்சு பேசுகிறவள். பிரெஞ்சுக்காரி இல்லை" என்று முடித்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் இலங்கைத் தமிழரும் மலேசியத் தமிழரும் இதைத்தானே சொல்வார்கள்! இத்தனை வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தும் எனக்கு இது தோன்றவில்லை.

பிறகு மேலே போகும்வரை அவர் ஊர்க்கதைதான். அவர்கள் நாட்டில் நாலு மொழி. இருநூறு வருடங்களுக்கு முன் ராஜாக்கள் கூடி உட்கார்ந்து நிலத்தைப் பங்கு போட்டபோது, பிரெஞ்சு பேசுகிற அவர்கள் மலைப்பக்கத்தை, ஜெர்மன் பேசுகிறவர்கள் அதிகமாக இருக்கிற ஒரு மாநிலத்தோடு சேர்த்துவிட்டார்களாம். ஒருவரையும் கேட்கவில்லை. இவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடி, ஓட்டுப் போட்டு, பாதிப் பகுதி பிரிந்து தனி மாநிலமானது. இவருடைய ஊர் பழைய மாநிலத்திலேயே மாட்டிக்கொண்டது. பிறகு அந்த ஒரு ஊர் மட்டும், எந்த மாநிலத்தோடு இருப்பது என்று தனியாக ஓட்டுப் போட்டது. புது மாநிலத்தோடு சேரவேண்டும் என்ற இவர் பக்கம் ஜெயித்தது. அது செல்லாது என்றார்கள். மறுபடி ஓட்டுப் போட்டார்கள், மறுபடி ஜெயித்தார்கள். இவருடைய சொந்தத் தம்பியே பழைய மாநிலத்திலேயே இருக்கலாம் என்று எதிராக ஓட்டுப் போட்டவராம். "இன்னும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவன் வீட்டில்தான்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வசதிக்குக் குறைவில்லாத தேசம். இவர்களுக்குப் போராட்டம் ஒரு கேடா என்று நினைத்தேன். கொஞ்சம் நாசூக்காக அதைக் கேட்கவும் செய்தேன். உங்களுக்கு அரசாங்கக் கடிதமெல்லாம் ஜெர்மனிலா வந்தது என்றேன். "இல்லை, நல்ல பிரெஞ்சில்தான் வந்தது. முடிவை எங்கேயோ எடுத்துவிட்டு அதைப் பிரெஞ்சில் தெரிவித்தார்கள். எங்களுக்குச் சொன்னார்கள், எங்களைக் கேட்கவில்லை" என்றார். எனக்கு அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

இறங்கி வரும்போது, இன்றைக்கு என்ன விடுமுறை என்று கேட்டார். காந்தி பிறந்தநாள், இன்று எங்கள் மாநிலத்தில் ஊர் ஊருக்குக் கிராம சபை கூடும் என்றேன். அந்த அம்மா நின்றுவிட்டார். அவரும் தன் ஊர்ச் சபையில் உறுப்பினராக இருந்தவராம். அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். எப்படியும் மதியச் சாப்பாட்டுக்கு அவரை என் அக்கா வீட்டுக்கு அழைத்துப்போவதாகத்தான் ஏற்பாடு. அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் செஞ்சியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊர்ப் பெயர் வேண்டாம். "தாராளமாக! எங்கள் நாட்டில் சின்ன ஊருக்கும் சபை உண்டு, நேரிலேயே பாருங்கள்" என்று நானே ஏதோ சட்டம் எழுதினவள் மாதிரி பெருமையாகச் சொன்னேன்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவளுக்குச் சொந்தமாகக் காணி கிடையாது. மாமா லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது விழுந்து முதுகு போனவர். நடவு, களை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவது என்று அக்கா போகாத வேலை இல்லை. ஆனால் அதெல்லாம் கிடைத்தால்தான் உண்டு. நம்பி இருப்பது ஏரியில் மண் அள்ளுகிற நூறு நாள் வேலைதான். மகள் நர்சிங் படிப்பது அந்தக் கூலியில்தான்.

நாங்கள் போனபோது பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. தார்ப்பாய் விரித்து ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். அக்கா முன்வரிசையில் இருந்து கையை ஆட்டினாள். நாங்கள் பின்னால் ஒரு ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தோம். விட்டால்தானே? வெள்ளைக்காரம்மாவைப் பார்த்ததும் பஞ்சாயத்துத் தலைவர் ஓடி வந்தார். மேலிடத்திலிருந்து ஜீப்பில் வந்திருந்த அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டார். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, இளநீர் வந்தது. யாருக்கோ வாங்கி வைத்திருந்த பொன்னாடை ஒன்றும் வந்து, அந்த அம்மாவின் தோளில் ஏறியது. சனம் கைதட்டியது. மேடையில் அதிகாரிக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார்கள். மொழிபெயர்க்கவேண்டுமே என்று நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு நம்ம சபைக்கு ஃபாரின்லேர்ந்து ஒரு கெஸ்ட் வந்திருக்காங்க. அவங்களுக்குப் புரியாத பாஷையில பேசினா மரியாதை இல்ல. நமக்குத்தான் அசிங்கம். அதனால இன்னிக்கு ஒருநாள் நான் இங்கிலீஷ்ல பேசறேன். நீங்க கோச்சுக்கக் கூடாது" என்றார். சனம் சிரித்தது. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. விருந்தாளிக்கு மரியாதை செய்வதை நம் சனம் என்றைக்குத் தடுத்திருக்கிறது?

அவர் ஆரம்பித்தார். ரெஸ்பெக்டட் கெஸ்ட், ஹோலிஸ்டிக் டெவலப்மெண்ட், விஷன், மிஷன் என்று வண்டி வேகமாகப் போனது. பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு அந்த அம்மாவின் தலைமுடியையும் செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் சம்பந்தமாக ஏதோ பேசுகிறார், வழக்கமான குடிநீர், தெருவிளக்கு சமாசாரம்தான் என்று நானும் அரைக் காதில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுநடுவே தலைவர் கைதட்டுவார். உடனே எல்லோரும் தட்டுவார்கள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "தமிழ் கேட்க அழகாக இருக்கிறது. என்ன சொல்கிறார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது! பள்ளிக்கூடத்தில் அவர் இரண்டாவது மொழியாகப் படித்தது ஜெர்மன். காலையிலிருந்து என்னோடு பேசியது முழுக்கப் பிரெஞ்சு. இது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நிமிடம்வரை உறைக்கவில்லை. வெள்ளையாக இருந்தால் இங்கிலீஷ் பேசும் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"இது தமிழ் இல்லை, இங்கிலீஷ்" என்றேன்.

"யாருக்காக?"

"உங்களுக்காக."

அந்த அம்மா பந்தலைப் பார்த்தார். அவ்வளவு பேரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர்கள் ஊருக்கு முடிவையாவது அவர்களுடைய மொழியில் தெரிவித்தார்கள். இங்கே அதுவும் இல்லை.

சரி, வந்ததற்கு மொழிபெயர்க்கவாவது செய்வோம் என்று அதிகாரி சொல்வதை ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது, இந்த ஊரைப் பக்கத்து டவுனோடு சேர்க்கப்போகிறார்கள். அதற்குக் கிராம சபைக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போடவேண்டும். அதைத்தான் அவர் இங்கிலீஷில் வளைத்து வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். டவுனோடு சேர்ந்தால் இந்த ஊருக்கென்று பஞ்சாயத்து கிடையாது. வரி ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே, நூறு நாள் வேலை கிராமத்துக்குத்தான். டவுனுக்குள் போய்விட்டால் அது போச்சு.

"தேங்க் யூ" என்று அதிகாரி முடித்தார். தலைவர் கைதட்டினார். சனம் கைதட்டியது. முன்வரிசையில் என் அக்கா, தன் வேலை போவதற்கு, சிரித்த முகத்தோடு கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் காட்சியை என்னால் சாகும்வரை மறக்க முடியாது.

"தீர்மானம் ஏகமனதா பாஸ்" என்று தலைவர் அறிவித்தார். நான் அந்த அம்மாவின் காதருகே குனிந்து, நடந்ததைப் பிரெஞ்சில் படபடவென்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, அந்தம்மா காதுல இன்னா ஓதிகினே இருக்கற? சார் இன்னா பேசினாருன்னு எங்களுக்கும் சொல்லேன்."

கேட்டது நியாயம். சொன்னேன். மைக் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் தமிழில் சொன்னேன். தமிழ்நாட்டில், தமிழ்க் கிராமத்தில், தமிழ் அதிகாரி தமிழ்ச் சனத்திடம் பேசியதை நான் தமிழில் மொழிபெயர்த்தேன். கூலி வாங்காமல் நான் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அதுதான்.

பந்தல் கொதித்துவிட்டது. ஆளாளுக்கு எழுந்து கத்தினார்கள். அதிகாரி மைக்கைத் தட்டி, "எல்லாரும் கை தட்டினீங்கல்ல? இப்ப வந்து இல்லன்னா எப்படி? பாஸ் ஆனது ஆனதுதான்" என்றார்.

முதலில் கேட்ட அதே பெண் எழுந்தாள். "சார், நாங்க தட்டினது அந்தம்மாவுக்குப் பொன்னாட போத்தினீங்களே, அதுக்கு. அப்புறம் தலைவரு தட்டினாரு, தட்டினோம். எங்க ஊர வுட்டுத் தர்றோம்னு எவ தட்டினா?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க இந்த ஊர் ஓட்டரா? வெளியாள் சபையில பேச ரூல் கிடையாது. தூண்டி விடாதீங்க" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கடல் தாண்டி வந்தவங்களுக்கு மேடையில நாற்காலி. அவங்களுக்காக ஊர் பாஷையையே மாத்துவீங்க. பஸ் ஏறி வந்த நான் வெளியாளா?" என்று கேட்டேன். ஆனால் அவர் சொன்னது சட்டப்படி சரி. நான் அந்த ஊர் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். இனி நான் கத்தினால் அதைச் சாக்காக வைத்தே கூட்டத்தை முடித்துவிடுவார் என்று தெரிந்தது.

அப்போது அக்கா எழுந்தாள். எங்கள் வீட்டில் எதற்கும் குரலை உயர்த்தாதவள் அவள். பொண்ணு பார்க்க வந்தவர்கள், பொண்ணு ஊமையோ என்று கேட்டார்கள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"அவ பேச வேணாம் சார், நான் பேசறேன். நான் இந்த ஊருதான். நீங்க இன்னா பேசினீங்கன்னு தெரியாமத்தான் தட்டினேன், எனக்கு வெக்கமா இருக்குது. இப்பத் தெரிஞ்சிட்டுது. எனக்கு வேணாம். ஏரி வேல இல்லன்னா எம்பொண்ணு படிப்பு நின்னுடும். நீங்க வந்து கட்டுவீங்களா?"

ஆண்கள் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறவர், "டவுனா ஆனா ரோடு வரும், மனை வெல ஏறும். நல்லதுதான?" என்றார். சிலர் அவருக்கு ஆமாம் போட்டார்கள். சண்டை வந்துவிடுமோ என்று பயந்தேன். அக்கா அவரைப் பார்த்து, "உங்குளுக்கு வேணும்னா நீங்களும் கை தூக்குங்க மாமா, யாரு வேணாம்னது? ரெண்டு பக்கமும் எண்ணட்டும். தட்டறது வேணாம், தூக்கறத எண்ணட்டும்" என்றாள்.

இதற்கிடையில் சுவிஸ் அம்மா, சனம் கத்துவது தன் மேல்தான் கோபமோ என்று பயந்து, பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். பெண்கள் நகர்ந்து அவருக்குத் தார்ப்பாயில் இடம் கொடுத்தார்கள். அக்கா சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். "எங்கள் ஊரிலும் இப்படித்தான் கை தூக்குவோம், முதலில் ஆதரவு, பிறகு எதிர்ப்பு" என்றார். அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. அது அவருடைய ஊர் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எண்ணினார்கள். எண்ணமாட்டேன் என்று அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தும், ஊர் அவரை விடவில்லை. வேண்டும் என்று கை தூக்கியவர்கள் கொஞ்சம் பேர். வேண்டாம் என்று பெண்கள் பக்கம் ஏறக்குறைய எல்லோரும் தூக்கினார்கள், ஆண்கள் பக்கமும் பாதிக்கு மேலே. அதிகாரியின் முகத்தைப் பார்க்காமல் தலைவர் தீர்மானத்தைத் திருத்தி எழுதி, தமிழில் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் கைதட்டப் போனவர், பழக்கதோஷம், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு.

ஜீப்பில் ஏறப்போன அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "படிச்ச நீங்களே இப்படிப் பண்ணலாமா மேடம்? ஃபாரினர் முன்னாடி நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார். அத்தனை பேரின் பிழைப்பு அவருக்குக் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு விருந்தாளி என்ன நினைப்பார் என்பதுதான் கவலை! சனத்தை ஏமாற்றவேண்டும் என்று அவர் நினைத்தாரா, வெள்ளைத்தோலைப் பார்த்து மயங்கினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தால் என்ன? இரண்டிலும் அந்தச் சனம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா பொன்னாடையை அக்காவிடம் நீட்டினார். இது தவறான ஆளுக்குப் போர்த்தப்பட்டது என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு, "நமக்கெதுக்குடி இதெல்லாம்" என்று வாங்கி வைத்தாள்.

அந்த ஊர் இன்னும் ஊராகத்தான் இருக்கிறது. நாளைக்கு எந்த ஜீப் என்ன தாளோடு வந்து நிற்குமோ, சொல்வதற்கில்லை. கிராம சபை வேண்டாம் என்று சொன்னாலும் மேலே இருப்பவர்கள் சேர்க்க நினைத்தால் சேர்த்துவிடலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த அம்மாவும் எப்போதாவது போனில் கேட்பார், ஊர் என்ன ஆயிற்று என்று. எங்கள் ஊரில் ஜெயித்த ஓட்டைச் செல்லாது என்றபோது, மறுபடி போட்டோம் இல்லையா, உன் அக்காவிடம் சொல் என்பார்.

சொன்னேன். போன மாதம் போயிருந்தபோது அக்கா ஏரிவேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மண் கூடை சுமக்கத் தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள். பளபளவென்று இருக்கிறதே என்று பார்த்தால், அந்தப் பொன்னாடை. "நல்லா வழுக்குதுடி, ஒண்ணுத்துக்கும் ஆவல. ஆனா இதத்தான் சுத்துவேன்" என்றாள்.

எத்தனையோ கூட்டங்களுக்கு இப்போதும் போகிறேன். மேடையில் ஒருவர் பேசி முடித்ததும் பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது என் கையும் தானாக எழும்பும். அப்போதெல்லாம் சிரித்த முகத்தோடு தட்டிக்கொண்டிருந்த அக்கா கண்முன் வருவாள். இவர் சொன்னது எனக்குப் புரிந்ததா, என்னைக் கேட்டார்களா என்று யோசித்துவிட்டுத்தான் இரண்டு கைகளையும் சேர்க்கிறேன்.